வெள்ளிக்கிழமைப் புகை

செப்டம்பர் 9, சனி

காலையிலேயே தூறல். ஊரில் எல்லாருக்கும் மழை பிடிக்கும், எனக்கு ஆகாது. கடலுக்கு அப்பால் காடு எரிந்து புகைமூட்டம் வந்தால்தான் என் ஆய்வுக்குப் பிழைப்பு. இரண்டு வருடமாக வரவில்லை. வானம் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருக்கிறது. நாலாம் அத்தியாயத்தில் தலைப்பு மட்டும்தான். டிசம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், இனி அவகாசம் கிடையாது என்று பேரா. சொல்லிவிட்டார்.

பகாவ் பக்கத்து எஸ்டேட் தோட்டத்தில் ஃபில்டர் மாற்ற வேண்டிய நாள். விடுதியிலிருந்து செனாவாங் வீட்டுக்குப் போய் அம்மாவையும் காரில் ஏற்றிக்கொண்டேன். பழைய பெரட்டுக் களத்தில்தான் காற்றை இழுத்துப் புகைத்தூளைப் பிடிக்கிற என் மிஷின் நிற்கிறது. காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்ட இடம். அம்மாவும் அங்கே நின்றவள்தான். முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு புல்லுக்கு மருந்து அடித்தவள். குடியிருந்த லயத்து வீடுகளை இடித்த பிறகுதான் நாங்கள் செனாவாங்குக்கு வந்தோம்.

"எறங்கலியாம்மா?"

"எறங்கி என்னாத்த பாக்க? கொசுதான் இருக்கு. நீ போய் உன் வேலைய பாருலா."

கொஞ்ச நேரத்தில் அவளே இறங்கி மேட்டில் ஏறி வந்தாள். மூச்சு வாங்கியது. தூசி என்றாள். தூறலில் ஏது தூசி?

மிஷினிலிருந்து எடுத்த ஃபில்டரைப் பார்த்தாள். போட்டபோது இருந்த வெள்ளை அப்படியே.

"இந்தத் தாளு கறுத்தாத்தான் நீ டாக்டரா?"

"ஆமாம்மா."

"அப்ப கறுக்கட்டும்."

வாங்க வேண்டியவை: கையுறை, கேபிள் டை, முருங்கைக்காய், அம்மாவுக்கு இருமல் மருந்து.

செப்டம்பர் 12, செவ்வாய்

பல்கலை. வெயில். பேரா. ஐனியுடன் கூட்டம். அறை முழுக்க அவருடைய பூனைப் படங்கள்.

செனாவாங்கில் எங்கள் வீட்டுப் பின்வாசல் கம்பியில் ஒரு சின்ன மிஷின் தொங்கவிட்டிருக்கிறேன், தோட்டத்துக் காற்றையும் ஊர்க் காற்றையும் ஒப்பிட. அதில்தான் விஷயம். வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் புகை அளவைக் காட்டும் கோடு கம்பம் மாதிரி எழும்புகிறது, கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுகிறது. மற்ற நாளில் இல்லை. இரண்டு வருடமாக இதே கதை.

பேரா.வுக்கு ஒரே உற்சாகம். வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைக்கு நீண்ட இடைவேளை, அதனால் தொழிற்சாலை ஷிப்ட் தள்ளிப் போகலாம், எல்லா மோட்டார் சைக்கிளும் ஒரே நேரத்தில் வெளியே வரலாம். நானும் விடவில்லை, குப்பை எரிப்பார்கள் என்றேன். அழகான படம் ஒன்று வரைந்தோம். தனிக் கட்டுரையே எழுதலாம் என்றார்.

அண்ணன் செனாவாங் தொழிற்சாலையில்தான் ஷிப்ட் வேலை செய்கிறான். போனில் கேட்டேன்.

"வெள்ளிக்கெழம சாயங்காலம் உங்க ஃபேக்டரில என்னா ஸ்பெஷலா செய்வீங்க?"

"சம்பளம் எப்பன்னு பேசிக்குவோம். வேற என்னா?"

செப்டம்பர் 15, வெள்ளி

நாளை மலேசியா தினம், விடுதி காலி. வழக்கமாகச் சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவேன், இன்று மதியமே வந்துவிட்டேன்.

சாயங்காலம் அம்மா குளித்து, விளக்கேற்றி, கொட்டாங்கச்சிக் கரியைத் தணலாக்கித் தூபக்காலில் போட்டாள். மேலே சாம்பிராணி. சாமி மேடை, அப்பா படம், அண்ணன் அறை, என் அறை என்று வீடு முழுக்கச் சுற்றிக் காட்டிக்கொண்டே பின்வாசலுக்குப் போனாள். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். கம்பியில் தொங்குகிற என் மிஷினுக்கு முன்னால் நின்றாள். மூன்று சுற்று. கண்ணை மூடி என்னவோ முணுமுணுத்தாள். பிறகு தூபக்காலை மிஷினுக்கு நேர் கீழே படியில் வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

கத்தியைக் கீழே போட்டேன்.

"ம்மா! அதுக்கு ஏன் காட்டுற?"

"ஏன், காட்டக் கூடாதா? உங்கண்ணன் மோட்டாருக்குக் காட்டல? ஒம் படிப்பு அதுலதான இருக்கு. நல்லபடியா முடியணும்னுதான்."

"எப்பலேருந்து?"

"நீ மாட்டுன வாரத்துலேருந்து."

மிஷினின் நெற்றியில் குங்குமப் பொட்டுகூட இருக்கிறது. எத்தனையோ முறை துடைத்திருக்கிறேன், ஒரு முறைகூட யோசிக்கவில்லை. புகையை அளக்கிற மிஷினுக்குச் சாம்பிராணி காட்டிய ஒரே தாய் இந்த நாட்டில் என் அம்மாவாகத்தான் இருக்கும்.

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அண்ணன் ஷிப்ட் முடிந்து வந்ததும் சொன்னேன். "இதுக்குத்தான் பிஎச்டியா? என்ன கேட்டிருந்தா அன்னிக்கே சொல்லிருப்பேன்லா" என்றான். வெள்ளிக்கிழமை கேட்டைத் திறந்தால் அவனுக்கு முதலில் வருவது இந்த வாசனைதானாம். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

செப்டம்பர் 19, செவ்வாய்

பேரா.விடம் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தனிக் கட்டுரை போனது. அம்மாவைத் தடுக்க வேண்டாம், அந்த எண்களை மட்டும் வெட்டிக்கொள்ளலாம் என்றார். நல்ல மனுஷி.

கணக்குப் போடும் நிரலில் ஒரு வரி சேர்த்தேன். செனாவாங் மிஷினில் வெள்ளிக்கிழமை சாயங்கால எண்களை அது தானாகவே நீக்கிவிடும். வரிக்குப் பெயர் வைக்க வேண்டும். பேரா.வே சொன்னார்: 'அம்மா'.

செப்டம்பர் 28, வியாழன்

நபிநாள் விடுமுறை. வீட்டில்.

வந்துவிட்டது!!

எழுந்ததும் மூக்கில் கருகல் வாசனை. தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி தெரியவில்லை. சூரியன் முட்டையின் மஞ்சள் கருபோல, வெறும் கண்ணால் பார்க்க முடிந்தது. செயற்கைக்கோள் படத்தில் கடலுக்கு அந்தப் பக்கம் தீயைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் கொட்டிக் கிடக்கின்றன, காற்று நேராக இங்கே. பேரா.வுக்குப் போன் செய்தேன். இரண்டு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

அம்மா துணி காயப்போடப் போய்விட்டுப் பாதியில் திரும்பி வந்தாள். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இதானா அது?" என்று கேட்டாள்.

"இதான்ம்மா."

"நல்லா வந்துருச்சா? போதுமா?"

இன்னும் வேண்டும் என்றேன்.

செப்டம்பர் 30, சனி

தோட்டத்துக்குத் தனியாகப் போனேன். அம்மா வரவில்லை, அசதியாம். ஃபில்டர் தேத்தண்ணீர் கொட்டிய துணி நிறம். பெட்டியில் வைத்து மூடினேன், அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் காட்டினேன். பெட்டியைத் திறக்காமல் அதன் கண்ணாடி மூடி வழியாகப் பார்த்தாள்.

"கறுத்துருச்சே! அப்ப நீ டாக்டரு."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை மூச்சு வாங்கினாள். எழுந்து அடுப்படிக்குப் போனவள் பாதி வழியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் பெட்டியை வைத்த இடம் மறந்துவிட்டது.

அக்டோபர் 3, செவ்வாய்

சிரம்பான் ஆஸ்பத்திரி. அண்ணன் லீவு போட்டான். கூட்டம், பாதிப் பேர் இருமல். டாக்டர் நம் தமிழ்ப் பெண்தான், என் வயது இருக்கும். நுரையீரல் படத்தை விளக்கில் பிடித்துக் காட்டினார். இரண்டு பக்கமும் அடியில் தழும்பு. இன்று நேற்று வந்தது இல்லையாம்.

"முன்னாடி என்ன வேல செஞ்சீங்கம்மா?"

"தோட்டத்துல மருந்து அடிச்சேன்."

அதனாலா என்று நான் கேட்டேன். இருக்கலாம், இன்னதுதான் என்று சொல்ல முடியாது என்றார். இந்தப் புகைமூட்டம் அம்மாவுக்குச் சுத்தமாக ஆகாது. கதவு ஜன்னல் சாத்தியே இருக்க வேண்டும். வீட்டுக்குள் எந்தப் புகையும் கூடாது. "ஊதுபத்தி, சாம்பிராணி, எதுவுமே வேணாம்."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் என்ன படிக்கிறேன் என்று டாக்டர் கேட்டார். காற்று என்றேன்.

வரும் வழியில், காரில்:

"ஒரு வெள்ளி கூடவா கூடாது?"

"ஒரு வெள்ளிகூட வேணாம்மா."

"சரி."

வாதாடுவாள் என்று நினைத்தேன். வாதாடியிருந்தால் தேவலை.

அக்டோபர் 6, வெள்ளி

இனி விடுதிக்குப் போவதில்லை. வீட்டிலிருந்தே வேலை.

சாயங்காலம் அம்மா குளித்தாள். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. விளக்கு மட்டும் ஏற்றினாள். பிறகு தூபக்காலை எடுத்தாள். நான் வாயைத் திறப்பதற்குள், "நெருப்பு இல்லடி, பாரு" என்று சாய்த்துக் காட்டினாள். கரி இல்லை, தணல் இல்லை. வெறும் சாம்பிராணிக் கட்டிகள், நாலைந்து.

அதை ஏந்திக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். சாமிக்கு. அப்பாவுக்கு. அண்ணன் அறைக்கு, என் அறைக்கு. ஒவ்வொரு வாசலிலும் நின்று மூச்சு வாங்கிவிட்டு அடுத்ததற்கு. பின்கதவு சாத்தியிருந்ததால் கண்ணாடிக்கு இந்தப் பக்கமே நின்று மிஷினுக்கு மூன்று சுற்று.

"பொகை இருந்தாத்தான் சாமிக்குத் தெரியுமா?" என்றாள்.

கட்டிகள் அப்படியே இருக்க, தூபக்காலைச் சாமி மேடையில் கொண்டுபோய் வைத்தாள். நான் குழம்பைக் கிண்டுகிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அழுகை வந்தது, அழுதேன்.

அக்டோபர் 9, திங்கள்

இதுவரை இல்லாத மோசம். பள்ளிக்கூடங்கள் மூடல். எதிர்வீடு தெரியவில்லை.

கதவிடுக்கில் ஈரத் துண்டு. ஜன்னல் ஓரம் டேப். மேசை விசிறியின் முதுகில் ஃபில்டர் கட்டி ஓட வைத்திருக்கிறேன், ஆய்வகத்து ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். அறைக்குள் புகை எண் பாதியாகக் குறைந்தது. அந்தப் பாதியே அம்மாவுக்கு அதிகம். "கதவ தொற, மூச்சு முட்டுது" என்கிறாள். திறந்தால் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். மூடிய கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அம்மா மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இவ்வளவு படித்து இதுதான் செய்ய முடிகிறது.

அண்ணன் தெமியாங் மருந்துக் கடைக்குப் போய் ஒரு தைலம் வாங்கி வந்தான். நெஞ்சில் தேய்த்தோம். சுகமாக இருக்கிறது என்றாள், அவனுக்காக.

பேரா.விடமிருந்து செய்தி: செனாவாங்கில் போன வெள்ளி கோடு எழும்பவே இல்லையே, 'அம்மா'வுக்கு என்ன ஆயிற்று? பக்கத்தில் ஒரு சிரிப்பு முகம். பாவம், அவருக்கு எதுவும் சொல்லவில்லை நான். நின்றுவிட்டது என்று பதில் போட்டேன்.

அக்டோபர் 11, புதன்

இவ்வளவு புகைக்கு ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். இன்றே தோட்டத்துக்குப் போய் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் மிஷின் நின்றுவிடும். போகவில்லை. இருக்கிற புகையிலேயே கனமான புகை, இரண்டு வருடம் தவம் கிடந்தது இந்த நாளுக்குத்தான். போக மனம் வரவில்லை.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

"ஏன் போகல?"

"போகலம்மா. விடு."

"ரெண்டு வருசமா காத்துக் கெடந்துட்டு இப்ப விடுன்னா?"

பொறுக்கவில்லை. "எனக்கு இந்தப் பொகையே வேணாம்மா. எந்தக் கழுதைக்கு வேணும் இந்தப் படிப்பு" என்று கத்திவிட்டேன்.

அம்மா மூச்சைச் சேர்த்துக்கொண்டிருந்தாள் போல. பிறகு மெதுவாக:

"வேணாம்னு சொல்லாதடி. நாந்தான கேட்டேன். ஒவ்வொரு வெள்ளியும் அதுகிட்ட நின்னு என்னான்னு நெனச்ச? எம் பொண்ணுக்கு அந்தப் பொகைய அனுப்பிவையின்னுதான் கேட்டேன். கேட்டது வந்துருக்கு. வந்தத வாங்கிக்காம உக்காந்திருந்தா எப்படி?"

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டேன். பாதம் வீங்கியிருந்தது.

அக்டோபர் 12, வியாழன்

போனேன். அம்மா சொன்னதற்காகத்தான். பகாவ் வரை முன்விளக்கு போட்டே ஓட்டினேன். ஃபில்டர் தார் மாதிரி கறுத்திருந்தது. மிஷின் நிற்கவில்லை. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. புதுத் தாளைப் போட்டுவிட்டு ஓட்டமாகத் திரும்பினேன்.

"கறுத்துதா?"

"நல்லா கறுத்துருக்கும்மா."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தாள்.

அக்டோபர் 13, வெள்ளி

காலையில் உதடு நீலம். ஆம்புலன்ஸ். வார்டில் சேர்த்துவிட்டார்கள், ஆக்சிஜன். கிருமியும் சேர்ந்துகொண்டதாம்.

மாஸ்க்கைத் தூக்கிவிட்டு அம்மா என்னிடம் கேட்டது: "வெளக்கு ஏத்துனியா?"

வீட்டுக்கு ஓடி வந்து ஏற்றினேன். சாமி மேடையில் தூபக்கால் அவள் வைத்த மாதிரியே, கட்டிகளோடு. தொடவில்லை.

அக்டோபர் 16, திங்கள்

மழை! மதியம் பிடித்தது, கொட்டோ கொட்டென்று கொட்டியது. காற்று மாறிவிட்டது. வார்டு ஜன்னல் வழியாக மரம் பச்சையாகத் தெரிந்தது. போனில் காற்றுத்தர எண் பச்சைக்கு வந்ததும் அம்மாவிடம் காட்டினேன். அண்ணன் மாற்றி மாற்றி எங்கள் இரண்டு பேர் தலையையும் தடவினான். இனிப் பயமில்லை என்று நானே நர்சிடம் சொன்னேன். எவ்வளவு தைரியம் எனக்கு.

"மிஷினு நனையாதா?" என்றாள் அம்மா.

"மேல தகரம் போட்டுருக்கும்மா."

"ம்."

அக்டோபர் 18, புதன்

அம்மா போய்விட்டாள். விடிகிற நேரம். வெளியே காற்று அவ்வளவு சுத்தம்.

அக்டோபர் 24, செவ்வாய்

வெயில். எதுவும் எழுதத் தோன்றவில்லை இத்தனை நாளும்.

பேரா. வந்திருந்தார். காலணியைக் கழற்றிவிட்டு, நாற்காலி வேண்டாம் என்று எங்களோடு பாயில் உட்கார்ந்தார். அந்தச் சிரிப்பு முகத்துக்கு மன்னிப்புக் கேட்டார், அழுதார். அவகாசம் வாங்கித் தருகிறேன், டிசம்பரை மறந்துவிடு என்றார். ஆய்வைப் பற்றி அவர் பேசவில்லை, நான்தான் கேட்டேன். இப்படி ஒரு தரவுத் தொகுப்பு நம் துறையில் யாரிடமும் இல்லை என்றார், மெதுவாக, தப்புச் செய்கிறவர் மாதிரி.

அவர் போனதும் கணினியைத் திறந்தேன். 'அம்மா' என்ற வரியை எடுத்துவிட்டுப் படத்தை வரையச் சொன்னேன். இரண்டு வருடத்துக் கம்பங்களும் வரிசையாக எழுந்து நின்றன. இந்த அக்டோபருக்கு முன்னால் ஒரு வெள்ளி மட்டும் காணோம். அன்று காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை அவளால், ஞாபகம் இருக்கிறது. மற்ற ஒவ்வொரு கம்பத்துக்குக் கீழும் ஈரத் தலையோடு நின்று எனக்காகப் புகை கேட்டிருக்கிறாள்.

வரியைத் திரும்பச் சேர்த்தேன். ஆய்வுக்கு அது வேண்டும். நாலாம் அத்தியாயம் நன்றாக வரும்.

நவம்பர் 2, வியாழன்

கருமாதி. காலையில் வெயில், பிற்பகல் மழை. அண்ணனுக்கு மொட்டைத் தலை, சின்னப் பிள்ளை மாதிரி இருக்கிறான். வடை மிஞ்சிப் போனது. கூடாரக்காரர் நாளை வந்து பிரிப்பார்.

அப்பா வழியில் ஒரு பெரியம்மா, எல்லார் முன்னாலும்: "பாப்பா டாக்டருக்குப் படிக்குதாமே, ஆத்தாள பாத்துருக்கலாம்ல?"

"நான் அந்த டாக்டர் இல்ல பெரியம்மா."

"பின்ன எந்த டாக்டரு?"

தேத்தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

சாமி மேடைக்குப் போட்டிருந்த திரையை எடுத்தாயிற்று. நாளையிலிருந்து விளக்கேற்றலாம்.

நவம்பர் 3, வெள்ளி

மழை இல்லை. வந்தவர்கள் எல்லாரும் கிளம்பிவிட்டார்கள். அண்ணன் இன்றுதான் வேலைக்குத் திரும்பினான். வீட்டில் நான் மட்டும்.

சாயங்காலம் குளித்தேன். விளக்கு ஏற்றினேன். கொட்டாங்கச்சி பிடிக்கவே மாட்டேன் என்றது, மூன்று தீக்குச்சி வீண், கையில் சூடு. அம்மா வைத்துவிட்டுப் போன கட்டிகளைக் கவனமாக எடுத்துவிட்டுத் தணலைப் போட்டு, அதன்மேல் அதே கட்டிகளை வைத்தேன். புகை வந்தது. முதல் புகை கண்ணில்.

சாமிக்கு. அப்பாவுக்கு. அவர் பக்கத்தில் இப்போது அம்மாவுக்கு. அண்ணன் அறை. என் அறை. பின்கதவை விரியத் திறந்தேன். மிஷினின் பொட்டு பாதி அழிந்திருக்கிறது. மூன்று சுற்று. என்ன கேட்பது என்று தெரியவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. படியில் வைத்தேன்.

உள்ளே வந்து கணினியைப் பார்த்தேன். கோடு எழும்பிக்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கேட் திறக்கிற சத்தம். அண்ணன் மோட்டாரை உள்ளே தள்ளி நிறுத்துவது கேட்டது. பிறகு செருப்பைக் கழற்றிக்கொண்டே, எப்போதும்போல:

"ம்மா, பசிக்குது."